பக்கத்துச் சேனலில் சிந்தாத பவர் ஆம்ப்: பயாஸ் முதல் டிபிடி வரை

சிறிய சிக்னல் கொடுத்தால் எந்தப் பவர் ஆம்பும், அதாவது ரேடியோ சிக்னலை ஆண்டெனாவுக்கு அனுப்பும் முன் பெருக்கும் கருவியும், ஒழுங்காகத்தான் பெருக்கும். உச்சத்தை நெருங்கும்போதுதான் கெய்ன் (பெருக்கும் அளவு) குறையத் தொடங்கும், ஃபேஸும் (அலையின் கட்டமும்) சேர்ந்து நகரும். எல்டிஇ, 5ஜி போன்ற, பல சிறு அலைகளை ஒன்றாகச் சேர்த்து அனுப்பும் ஓஎஃப்டிஎம் சிக்னல்களில் சராசரியைவிட உச்சம் 10 முதல் 11 டெசிபெல் வரை மேலே எகிறும். அந்த உச்சங்கள் அமுங்கும்போது சேனலுக்குள் தரவைச் சுமக்கும் கான்ஸ்டலேஷன் புள்ளிகள் கலங்கும், சேனலுக்கு வெளியே இரு பக்கமும் தோள்பட்டை போல ஸ்பெக்ட்ரம் வளரும். 20 மெகாஹெர்ட்ஸ் எல்டிஇ சிக்னல் உண்மையில் நிரப்புவது 18 மெகாஹெர்ட்ஸ். மூன்றாம் படி உருக்குலைவு அதை 54 மெகாஹெர்ட்ஸுக்கு விரிக்கும், ஐந்தாம் படி 90 மெகாஹெர்ட்ஸுக்கு. பக்கத்துச் சேனல்காரர் அதைத் தன் ரிசீவரில் சத்தமாகக் கேட்பார்.

மொபைல் தரநிலைகளை வகுக்கும் 3ஜிபிபி எல்டிஇ பேஸ் ஸ்டேஷனுக்கு வைத்திருக்கும் எல்லை: பக்கத்துச் சேனலில் சிந்துவது குறைந்தது 45 டெசிபெல் கீழே இருக்க வேண்டும். இதைத்தான் ஏசிஎல்ஆர் என்கிறோம். சேனலுக்குள் பிழையை அளக்கும் இவிஎம், 64 கான்ஸ்டலேஷன் புள்ளிகளில் தரவை ஏற்றும் 64 க்யூஏஎம்முக்கு 8 சதவீதத்தையும் 256 க்யூஏஎம்முக்கு 3.5 சதவீதத்தையும் தாண்டக் கூடாது. ஏபி வகுப்பில் (ஓய்விலும் சிறிது கரண்ட் ஓடும் நிலையில்) ஓடும் ஒரு சாதாரண ஆம்ப், திருத்தம் எதுவும் இல்லாமல், நல்ல செயல்திறன் தரும் அளவுக்கு ஓட்டப்பட்டால் 30 முதல் 36 டெசிபெல்லிலேயே நின்றுவிடும். மீதி 10, 15 டெசிபெல்லை எப்படிப் பிடிப்பது என்பதுதான் இங்கே விஷயம்.

டிஜிட்டல் ப்ரீடிஸ்டார்ஷன், சுருக்கமாக டிபிடி, ஆம்ப் எப்படி வளைக்கிறதோ அதற்கு நேரெதிராகச் சிக்னலை முன்கூட்டியே வளைத்து அனுப்பும் முறை. அது சக்தி வாய்ந்ததுதான். ஆனால் ஆம்பின் வெளியீட்டில் சிறு பங்கைக் கப்ளர் வழியாக எடுத்துப் பார்க்கும் கண்காணிப்பு ரிசீவர் காட்டுவதை மட்டுமே அது திருத்தும். ரிசீவர் பொய் சொன்னால் டிபிடி அந்தப் பொய்யைத் திருத்தும், உண்மையான சிக்னலைக் கெடுக்கும். டிபிடி வேலை செய்யவில்லை என்று அல்காரிதத்தை மாற்றிக்கொண்டே இருப்பவர்களின் மேசையில் பெரும்பாலும் கோளாறு ஒரு கெப்பாசிட்டரிலோ, கப்ளர் வைத்த இடத்திலோ, தாமதக் கணக்கிலோ இருக்கும். அதனால் இங்கே கணிதத்தைவிட அதற்கு முந்தைய வேலைகளுக்கே அதிக இடம்.

மேசையில் என்ன வேண்டும்

உதாரணத்துக்கு ஓர் அமைப்பை எடுத்துக்கொள்வோம். பேண்ட் 40, அதாவது 2300 முதல் 2400 மெகாஹெர்ட்ஸ் வரை. இந்தியாவில் டிடிடி எல்டிஇ, அதாவது அனுப்புவதும் பெறுவதும் ஒரே அலைவரிசையில் மாறி மாறி நடக்கும் எல்டிஇ, ஓடும் பட்டை. நடுவில் 2350 மெகாஹெர்ட்ஸ். ஆம்ப், 10 வாட் வகை கேலியம் நைட்ரைடு டிரான்சிஸ்டர், சிஜிஎச்40010எஃப் போன்றது. 28 வோல்ட்டில் ஓடும். இந்த அலைவரிசையில் கெய்ன் சுமார் 14.5 டெசிபெல், செறிவு நிலையில் (அதற்கு மேல் ஏறாத உச்சத்தில்) 41 டிபிஎம், அதாவது 1 மில்லிவாட்டுக்கு மேல் 41 டெசிபெல் அளவுக்குத் தரும். நம் இலக்கு சராசரி 33 டிபிஎம், அதாவது 2 வாட்.

டிரான்ஸ்மிட்டரும் கண்காணிப்பு ரிசீவரும் ஒரே சிப்பில் இருந்தால் நல்லது. ஏடி9371 இரண்டு பக்கமும் 250 மெகாஹெர்ட்ஸ் அகலம் வரை தாங்கும், 20 மெகாஹெர்ட்ஸ் சிக்னலுக்குத் தாராளம். கல்லூரி ஆய்வகங்களில் அதிகம் புழங்கும் ஏடி9361 அடிப்படையிலான எஸ்டிஆர் (மென்பொருளால் இயங்கும் ரேடியோ) போர்டு மட்டுமே இருந்தால், அதன் அகலம் 56 மெகாஹெர்ட்ஸ்தான். டிபிடி அனுப்பும் திருத்தம் சிக்னலைவிட மூன்று முதல் ஐந்து மடங்கு அகலமானது. அந்தப் போர்டில் 20 மெகாஹெர்ட்ஸ் எல்டிஇ வைத்து முயன்றால் திருத்தத்தின் ஓரங்களை ஃபில்டர் வெட்டிவிடும். 10 மெகாஹெர்ட்ஸ் அல்லது 5 மெகாஹெர்ட்ஸ் சிக்னலில் தொடங்குங்கள், அதே போர்டு அழகாக வேலை செய்யும்.

இவற்றோடு ஒரு டிரைவர் ஆம்ப். கடைசிக் கட்டத்துக்கு உச்சத்தில் 28, 29 டிபிஎம் உள்ளீடு தேவைப்படும் என்பதால், 33 டிபிஎம் வரை நேராக நிற்கும் டிரைவராகப் பாருங்கள். டிரைவரும் வளைந்தால் இரண்டு வளைவுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி, திருத்தத்துக்குத் தேவையான படி கூடிக்கொண்டே போகும். 30 டெசிபெல் டைரக்ஷனல் கப்ளர், 25 வாட் தாங்கும் 30 டெசிபெல் அட்டென்யுவேட்டர், ஸ்பெக்ட்ரம் அனலைசர், அளவு பார்க்கக்கூடிய இரண்டு பவர் சப்ளை, ஹீட்சிங்க், ஃபேன். எல்லாக் கருவிக்கும் ஒரே 10 மெகாஹெர்ட்ஸ் ரெஃபரன்ஸ். ஆண்டெனா கிடையாது. உரிமம் தேவைப்படும் பட்டையில் உரிமம் இல்லாமல் ஆண்டெனா மாட்டிச் சோதிப்பது சட்டப்படி குற்றம். எல்லாம் 50 ஓம் லோடில்தான் முடிய வேண்டும்.

பயாஸ்: முதலில் கேட், பிறகு டிரெய்ன்

பயாஸ் என்பது சிக்னல் வருவதற்கு முன்பே டிரான்சிஸ்டருக்குக் கொடுக்கும் டிசி வோல்ட்டேஜ்கள். கேட் கட்டுப்படுத்தும் கால், டிரெய்ன் கரண்ட் ஓடும் கால். கேலியம் நைட்ரைடு டிரான்சிஸ்டர், கேட்டில் நெகட்டிவ் வோல்ட்டேஜ் இல்லாதவரை முழுதாகத் திறந்தே கிடக்கும். கேட் பூஜ்யத்தில் இருக்கும்போது 28 வோல்ட்டைக் கொடுத்தால் ஆம்பியர் கணக்கில் கரண்ட் பாய்ந்து டிரான்சிஸ்டர் அங்கேயே எரியும். ஆகவே வரிசை மாறக் கூடாது. கேட்டுக்கு −5 வோல்ட் கொடுத்து உறுதி செய்யுங்கள். டிரெய்ன் சப்ளையின் கரண்ட் லிமிட்டை 0.5 ஆம்பியரில் வைத்து 28 வோல்ட்டைத் திறங்கள். கேட்டை மெதுவாக மேலே கொண்டுவாருங்கள். −3 வோல்ட் பக்கத்தில் கரண்ட் தலைகாட்டும், −2.7 அருகே 200 மில்லிஆம்பியர் வரும். ஒவ்வொரு டிரான்சிஸ்டருக்கும் இது கொஞ்சம் மாறும், அதனால் வோல்ட்டேஜை நம்பாமல் கரண்ட்டைப் பார்த்து நிறுத்துங்கள். அதன் பிறகு கரண்ட் லிமிட்டை 1.5 ஆம்பியராக்கிவிட்டு ஆர்எஃப் (ரேடியோ சிக்னல்) கொடுக்கலாம். நிறுத்தும்போது தலைகீழ்: ஆர்எஃப், பிறகு கேட்டை −5க்கு, பிறகு டிரெய்ன். டிரெய்னில் உள்ள பெரிய கெப்பாசிட்டர் முழுதாக இறங்கிய பிறகே கேட்டை அணையுங்கள்.

ஓய்வுக் கரண்ட்டைக் கூட்டினால் ஆம்ப் ஏ வகுப்புப் பக்கம் நகரும். சிறிய சிக்னலில் நேராகும், ஆனால் சூடு ஏறும். குறைத்தால் பி வகுப்புப் பக்கம் போகும். செயல்திறன் கூடும், ஆனால் சிறிய சிக்னலில் கெய்ன் குறைந்து நடுவில் கூடி மறுபடி குறையும். 150 முதல் 300 மில்லிஆம்பியர் வரை 25 மில்லிஆம்பியராக நகர்த்தி உருக்குலைவை அளந்தால் ஓரிடத்தில் அது ஆழமாகக் குழிவதைக் காணலாம். அந்தக் குழியில் போய் உட்காரத் தோன்றும். டிபிடி போடும் எண்ணம் இருந்தால் உட்காராதீர்கள். வெப்பமோ லோடோ சற்று மாறினால் குழி இடம் மாறிவிடும். கெய்ன் வளைவு வழுவழுப்பாக, ஒரே திசையில் மெதுவாகச் சரியும் கரண்ட்டே டிபிடிக்கு ஏற்றது. ஆம்பை ஆர்எஃப்போடு 15 நிமிடம் ஓடவிட்டு, சூடு நிலைத்த பிறகே இந்த அளவுகளை எடுங்கள்.

டூ-டோன்: ஆம்ப் தன் குணத்தைச் சொல்லும் இடம்

இரண்டு சிக்னல் ஜெனரேட்டர்களை 2349.5, 2350.5 மெகாஹெர்ட்ஸில் வைத்து கம்பைனரில் சேர்த்து உள்ளே விடுங்கள். ஒவ்வொரு ஜெனரேட்டருக்கும் கம்பைனருக்கும் நடுவே 10 டெசிபெல் பேட் (சிக்னலைக் குறைக்கும் சிறு அட்டென்யுவேட்டர்) அல்லது ஐசொலேட்டர் (சிக்னலை ஒரே திசையில் விடும் கருவி) கட்டாயம். இல்லாவிட்டால் ஒரு ஜெனரேட்டரின் சிக்னல் இன்னொன்றின் வெளியீட்டுக் கட்டத்துக்குள் புகுந்து அங்கேயே கலந்து, ஆம்பின் மேல் பழி வரும். ஆம்பைக் கழற்றிவிட்டு நேராக அனலைசரில் பாருங்கள். துணைக் கோடுகள் 60 டெசிபெல்லுக்குக் கீழே இருந்தால்தான் மேலே போகலாம்.

ஆம்பைச் சேர்த்ததும் மூன்றாம் படிக் கோடுகள் 2348.5, 2351.5இல் எழும். டோன்களை 1 டெசிபெல் கூட்டினால் இவை 3 டெசிபெல் கூட வேண்டும். பவரைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றி, இந்த மூன்றுக்கு ஒன்று கணக்கு எங்கே உடைகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். இரண்டு சம டோன்களின் உச்சம் ஒவ்வொன்றையும்விட 6 டெசிபெல் மேலே இருக்கும் என்பதால், 41 டிபிஎம் உச்சத்தைத் தொட ஒவ்வொரு டோனும் 35 டிபிஎம் போதும். அதற்கு மேல் தள்ள வேண்டாம்.

இடது கோடும் வலது கோடும் உயரத்தில் ஒத்துப்போனால் நல்ல அறிகுறி. 3, 4 டெசிபெல் வித்தியாசம் தெரிந்தால் ஆம்புக்கு நினைவு இருக்கிறது என்று பொருள்: இப்போதைய வெளியீடு இப்போதைய உள்ளீட்டை மட்டும் பொறுத்ததாக இல்லை, சற்றுமுன் நடந்ததும் அதில் கலந்திருக்கிறது. நினைவு எங்கிருந்து வருகிறது என்பதைத் தேடினால் பெரும்பாலும் அடுத்த இடத்தில்தான் போய் நிற்போம்.

டிரெய்ன் சப்ளை: கண்ணில் படாத குற்றவாளி

சிக்னலின் உறை, அதாவது அதன் வீச்சு, ஏறி இறங்கும்போது டிரெய்ன் கரண்ட்டும் கூடவே ஏறி இறங்கும். 20 மெகாஹெர்ட்ஸ் எல்டிஇயில் அந்த ஏற்ற இறக்கம் டிசியில் தொடங்கிப் பல பத்து மெகாஹெர்ட்ஸ் வரை பரவியிருக்கும். அந்த வேகத்துக்குச் சப்ளைப் பாதை ஈடுகொடுக்காவிட்டால் டிரெய்னின் 28 வோல்ட்டே உறையோடு சேர்ந்து ஆடும், அந்த ஆட்டம் ஆர்எஃப் மேல் மறுபடி ஏறும். டிரெய்ன் ஊட்டக் கோட்டில் 10 பிகோஃபாரட் கெப்பாசிட்டர் 2.35 கிகாஹெர்ட்ஸை நன்றாகத் தரைக்கு இறக்கும், பெரிய எலக்ட்ரோலிட்டிக் 100 கிலோஹெர்ட்ஸ் வரை கவனித்துக்கொள்ளும். நடுவில் 1 முதல் 60 மெகாஹெர்ட்ஸ் வரை காப்பார் யாரும் இல்லாமல் கிடப்பதே நாம் அடிக்கடி காணும் பிழை.

இதைச் சோதிக்க அதே டூ-டோன் போதும். டோன்களின் இடைவெளியை 100 கிலோஹெர்ட்ஸில் தொடங்கி 1, 2, 5, 10, 20, 40, 60 மெகாஹெர்ட்ஸ் என்று அகலமாக்குங்கள், பவரை மாற்றாமல். ஒவ்வொரு இடைவெளிக்கும் இடது, வலது மூன்றாம் படிக் கோடுகளின் உயரத்தை எழுதுங்கள். நல்ல ஆம்பில் இரண்டும் கிட்டத்தட்ட மட்டமாக ஓடும். எந்த இடைவெளியில் ஒன்று திடீரென்று துள்ளுகிறதோ அந்த அலைவரிசையில் உங்கள் சப்ளைப் பாதையில் ஒத்ததிர்வு இருக்கிறது. உதாரணமாக 8 மெகாஹெர்ட்ஸ் இடைவெளியில் வலது கோடு மட்டும் 6 டெசிபெல் எழுந்தால், 8 மெகாஹெர்ட்ஸில் டிரெய்ன் பார்க்கும் மின்தடுப்பு உச்சத்தில் இருக்கிறது.

திருத்தம்: ஆர்எஃப் கெப்பாசிட்டருக்கு அடுத்து, டிரெய்னுக்கு எவ்வளவு அருகே முடியுமோ அவ்வளவு அருகே 100 நானோஃபாரட், 1 மைக்ரோஃபாரட், 10 மைக்ரோஃபாரட் செராமிக்குகள், அதற்குப் பிறகு 220 மைக்ரோஃபாரட், 63 வோல்ட் எலக்ட்ரோலிட்டிக். தரைக்குப் போகும் வயாக்கள் (போர்டின் அடுக்குகளை இணைக்கும் துளைகள்) ஒவ்வொரு கெப்பாசிட்டரின் காலடியிலும் குறைந்தது இரண்டு. எக்ஸ்7ஆர் செராமிக் வாங்கும்போது கவனம்: 50 வோல்ட் என்று போட்ட 10 மைக்ரோஃபாரட், 28 வோல்ட் டிசி ஏறியதும் பாதிக்கு மேல் குறைந்துவிடலாம். 100 வோல்ட் வகையாக, பெரிய உடலாக வாங்குங்கள். வெவ்வேறு மதிப்புள்ள இரண்டு செராமிக்குகள் தங்களுக்குள் எதிர்-ஒத்ததிர்வு போடுவதும் உண்டு. அப்படித் துள்ளல் இடம் மாறினால் நடு மதிப்பு ஒன்றை நீக்கிவிட்டு மறுபடி அளங்கள், அல்லது அதனோடு தொடரில் அரை ஓம் ரெசிஸ்டர் சேருங்கள். நீளமான ஊட்டக் கோடும் இண்டக்டர்தான் என்பதை மறக்காதீர்கள். பென்ச் சப்ளையிலிருந்து வரும் ஒரு மீட்டர் வயரை எந்த அல்காரிதமும் குட்டையாக்காது.

இந்த ஒரு வேலையில் 3 முதல் 5 டெசிபெல் கிடைத்தால் ஆச்சரியப்பட வேண்டாம். அதைவிட, டிபிடிக்குத் தேவைப்படும் நினைவுப் படிகள் (முந்தைய சாம்பிள்களையும் கணக்கில் எடுக்கும் உறுப்புகள்) குறையும்.

கண்காணிக்கும் பாதை

கப்ளரை ஆம்பின் வாயிலிலேயே, வெளியீட்டு ஃபில்டருக்கு முன்பாக வையுங்கள். கேவிட்டி ஃபில்டருக்குப் பின்னால் வைத்தால் பார்க்க வேண்டிய தோள்பட்டையை ஃபில்டர் வெட்டியிருக்கும், ஓரங்களில் அதன் தாமத மாறுதலையும் டிபிடி நேராக்கப் பார்க்கும். இரண்டும் வீண் வேலை.

அளவுக் கணக்கு எளிது. ஆம்ப் சராசரி 33 டிபிஎம், கப்ளர் 30 டெசிபெல் குறைக்க 3 டிபிஎம். அதன் பிறகு 20 டெசிபெல் பேட் போட்டால் −17 டிபிஎம் சராசரி, உச்சம் −9 அருகே. ரிசீவரின் ஏடிசி (அனலாக் சிக்னலை எண்களாக்கும் பகுதி) முழு அளவிலிருந்து உச்சம் 3 முதல் 6 டெசிபெல் கீழே நிற்கும்படி பேட்டைச் சரி செய்யுங்கள். உச்சம் வெட்டுப்பட்டால் ரிசீவர் செய்த வெட்டை ஆம்ப் செய்ததாக டிபிடி எண்ணும். அதை ஈடுகட்ட உச்சங்களை இன்னும் உயர்த்தும். ரிசீவரின் ஆட்டோ கெய்னை அணைத்துவிடுங்கள், பிடிப்புக்கு நடுவில் கெய்ன் மாறினால் எல்லாம் போச்சு.

ரிசீவர் நேர்மையானதா என்று பார்க்க ஒரு சோதனை இருக்கிறது, இரண்டு நிமிட வேலை. ஆம்பை எதுவும் செய்யாமல், ரிசீவருக்கு முன்னால் மட்டும் 3 டெசிபெல் பேட் கூடுதலாகச் சேருங்கள். ரிசீவர் பிடித்த தரவில் ஏசிஎல்ஆரைக் கணக்கிடுங்கள். மாறவில்லை என்றால் உருக்குலைவு ஆம்பினுடையது. 6 டெசிபெல் முன்னேறினால் அது ரிசீவரின் சொந்த மூன்றாம் படி உருக்குலைவு. மோசமானால் இரைச்சல் தரையைத் தொட்டுவிட்டீர்கள். அனலைசருக்கும் இதே சோதனையை உள் அட்டென்யுவேட்டரை மாற்றிச் செய்து பாருங்கள்.

ஐக்யூ சமமின்மையையும் (சிக்னலின் ஐ, க்யூ என்ற இரு கூறுகளும் ஒத்துப்போகாததையும்) எல்ஓ கசிவையும் (உள் ஆஸிலேட்டரின் அலை வெளியே கசிவதையும்) டிபிடிக்கு முன்பே காலிப்ரேட் செய்து முடித்துவிட வேண்டும். ஐக்யூ சமமின்மை தருவது சிக்னலின் இணை கலப்பெண் பிம்பம். டிபிடி பயன்படுத்தும் வழக்கமான பல்லுறுப்புக் கோவையில் அதற்கு உறுப்பே கிடையாது. கெழுக்கள் அதைத் திருத்த முடியாமல் தடுமாறும், விளைவு இவிஎம்மில் தெரியும்.

உச்சத்தைச் சீவுதல்

சராசரி 33 டிபிஎம், செறிவு 41 டிபிஎம் என்றால் நமக்கு 8 டெசிபெல் இடம். சிக்னலின் உச்சமோ 10, 11 டெசிபெல். செறிவைத் தாண்டிய உச்சத்தை எந்த டிபிடியாலும் மீட்க முடியாது, அங்கே டிரான்சிஸ்டரிடம் கொடுக்க எதுவும் மிச்சமில்லை. அதனால் சிஎஃப்ஆர் என்னும் உச்சக் குறைப்பு முதலில் வரும். சராசரிக்கு மேல் 7 டெசிபெல்லில் வெட்டுங்கள், வெட்டியதால் சிதறிய ஸ்பெக்ட்ரத்தை 18 மெகாஹெர்ட்ஸ் ஃபில்டரால் சுத்தம் செய்யுங்கள். ஃபில்டர் உச்சங்களை மறுபடி கொஞ்சம் வளர்க்கும்; மூன்று நான்கு முறை திருப்பிச் செய்தால் 10,000இல் ஒரு சாம்பிள் என்ற அளவில் 7.5 டெசிபெல்லில் நிலைக்கும். அப்படியானால் உச்சம் 40.5 டிபிஎம், செறிவுக்கு அரை டெசிபெல் கீழே.

இதற்கு விலை இவிஎம். 64 க்யூஏஎம்முக்கு 8 சதவீத எல்லை இருப்பதால் தாராளமாக வெட்டலாம். 256 க்யூஏஎம் அனுப்ப வேண்டுமானால் 3.5 சதவீதத்துக்குள் ஆம்பின் மிச்சப் பிழைக்கும் இடம் வேண்டும், அப்போது 8.5 டெசிபெல்லில் மென்மையாக வெட்டி, சராசரி பவரை 1 டெசிபெல் குறைத்துக்கொள்வதே சரி. சிஎஃப்ஆர் எப்போதும் டிபிடிக்கு முன்னால்தான். பின்னால் வைத்தால், டிபிடி வேண்டுமென்றே உயர்த்திய உச்சத்தை அது போய் வெட்டிவிடும்.

வெறும் பின்வாங்கலாலேயே, அதாவது பவரைக் குறைத்தே சமாளிக்கலாமே என்றால், முடியும். மூன்றாம் படி ஆதிக்கம் செலுத்தும் பகுதியில் ஒவ்வொரு 1 டெசிபெல் குறைப்புக்கும் உருக்குலைவு 2 டெசிபெல் ஒப்பீட்டில் இறங்கும். ஆனால் 8 டெசிபெல் பின்வாங்கிய நிலையிலேயே இந்த ஆம்பின் செயல்திறன் 25 சதவீதம் பக்கம்தான். 2 வாட் தர 8 வாட் தின்னும். இன்னும் பின்வாங்கினால் ஆம்ப் ஹீட்டராகிவிடும். ஒரே ஒரு பரிசோதனைக்கு அது பரவாயில்லை, கோபுரத்தின் மேல் வருடம் முழுக்க ஓடும் பெட்டிக்கு அல்ல.

டிபிடி, படிப்படியாக

சாம்பிள் வேகம் நொடிக்கு 122.88 மெகாசாம்பிள். எல்டிஇயின் 30.72ஐ நான்கு மடங்காக்கியது, ஐந்தாம் படி வரை பார்க்க இடம் தரும். உள்ளே அனுப்பிய சிக்னலையும் ரிசீவர் பிடித்ததையும் 16384 சாம்பிள் எடுங்கள், சுமார் 133 மைக்ரோசெகண்ட். அந்தத் துண்டுக்குள் பெரிய உச்சங்கள் கட்டாயம் இருக்க வேண்டும். ஒரே சிக்னலைத் திருப்பித் திருப்பி அனுப்பி 16 முறை பிடித்துச் சராசரி எடுத்தால் இரைச்சல் 12 டெசிபெல் இறங்கும். ரெஃபரன்ஸ் கடிகாரம் பொதுவாக இருந்தால்தான் இது நடக்கும்.

அடுத்தது நேரப் பொருத்தம், இங்கே அவசரப்படாதீர்கள். குறுக்கு ஒப்புமை போட்டு (ஒன்றை நகர்த்தி நகர்த்தி மற்றதோடு ஒப்பிட்டு) முழு சாம்பிள் தாமதத்தைக் கண்டுபிடிப்பது எளிது. ஆனால் அது போதாது. ஒரு சாம்பிள் 8.14 நானோசெகண்ட். எட்டில் ஒரு சாம்பிள் பிழை, சுமார் 1 நானோசெகண்ட், சேனலின் ஓரமான 9 மெகாஹெர்ட்ஸில் 3.3 டிகிரி ஃபேஸ் பிழையாகும். அது −25 டெசிபெல் பிழைச் சிக்னல். −50 வேண்டுமென்றால் பிழை 56 பிகோசெகண்ட்டுக்குள் வர வேண்டும். அனுப்பியது, பிடித்தது இரண்டுக்கும் எஃப்எஃப்டி எடுத்து (அலைவரிசை வாரியாகப் பிரித்து), குறுக்கு ஸ்பெக்ட்ரத்தின் ஃபேஸ் 18 மெகாஹெர்ட்ஸுக்குள் எவ்வளவு சாய்கிறது என்று ஒரு நேர்கோடு பொருத்துங்கள்; அந்தச் சாய்வே மிச்சத் தாமதம். சேனலுக்கு வெளியே உள்ள பகுதியைச் சேர்க்காதீர்கள், அங்கே இருப்பது உருக்குலைவும் இரைச்சலும். நினைவுப் படிகள் கொஞ்சம் தாமதத்தைத் தாமே விழுங்கிக்கொள்ளும், உண்மைதான். ஆனால் அதற்காகக் கெழுக்களை வீணாக்குவானேன்?

பொருத்திய பிறகு உள்ளீட்டு வீச்சுக்கு எதிராகக் கெய்னை வரையுங்கள். புள்ளிகள் ஒரு மெல்லிய கோடாக விழுந்து, வலது ஓரத்தில் சரிய வேண்டும். இடதிலிருந்து வலதுவரை தடித்த மேகமாக இருந்தால் தாமதம் சரியில்லை, அல்லது நினைவு அதிகம். இந்தப் படத்தைப் பார்க்காமல் கெழுக்களைக் கணக்கிடப் போகாதீர்கள்.

இனிக் கணக்கு. மறைமுகக் கற்றல் முறை எளிது: ஆம்பின் வெளியீட்டை இலக்குக் கெய்னால் வகுத்து, அதிலிருந்து ஆம்பின் உள்ளீட்டைத் திரும்பப் பெறும் பல்லுறுப்புக் கோவையைக் கண்டுபிடிக்கிறோம், பிறகு அதே கோவையைத் தூக்கி ஆம்புக்கு முன்னால் வைக்கிறோம். கோவையின் ஒவ்வொரு உறுப்பும், ஒரு சாம்பிளை அதன் வீச்சின் ஏதோ ஒரு படியால் பெருக்கியது. 1, 3, 5, 7, 9 என ஐந்து படிகள், தாமதம் 0 முதல் 4 சாம்பிள் வரை ஐந்து; மொத்தம் 25 கெழுக்கள். வீச்சின் உச்சம் 1 ஆகும்படி முதலில் அளவு மாற்றுங்கள், இல்லாவிட்டால் ஒன்பதாம் படி எண்கள் எங்கோ போய்விடும். 16384 வரிசை, 25 நிரல் கொண்ட அணி. மீச்சிறு வர்க்க முறையில், க்யூஆர் பிரிப்பு வழியாகத் தீருங்கள். நிரல்கள் ஒன்றையொன்று மிகவும் ஒத்திருப்பதால் சிறு இரைச்சலுக்கும் கெழுக்கள் துள்ளும். அணியை அதன் இணை இடமாற்றால் பெருக்கித் தீர்க்கிறீர்கள் என்றால், மூலைவிட்டத்தில் அதன் சராசரியில் பத்து லட்சத்தில் ஒரு பங்கைச் சேர்த்துவிடுங்கள்.

இலக்குக் கெய்ன் என்ன வைப்பது? சிறிய சிக்னல் கெய்னான 14.5ஐ வைத்தால், உச்சத்தில் கெய்ன் 12க்கு இறங்கும் இடத்தில் டிபிடி உள்ளீட்டை 2.5 டெசிபெல் உயர்த்த வேண்டும். டிஏசியில் (எண்களை அனலாக் சிக்னலாக்கும் பகுதியில்) 3 டெசிபெல் இடம் விட்டிருந்தால் இது நடக்கும். இடம் இல்லையென்றால் இலக்கை உச்சக் கெய்னுக்கு அருகே இறக்குங்கள். செறிவுக்கு மேல் கேட்டால் ஆம்ப் தராது, அடுத்த சுற்றில் டிபிடி இன்னும் உயர்த்தும், அதற்கடுத்த சுற்றில் இன்னும். மூன்று சுற்றில் டிரைவர் வெட்டத் தொடங்கிவிடும். இந்தத் தொடர் ஓட்டத்தைத் தடுக்க, ப்ரீடிஸ்டார்ட்டரின் வெளியீட்டு வீச்சுக்கு ஒரு கறாரான மேல் எல்லை வையுங்கள்.

புதுக் கெழுக்களை முழுதாக மாற்றாமல், பழையதும் புதியதும் பாதிக்குப் பாதியாகக் கலந்து நகர்த்துங்கள். நான்கைந்து சுற்றில் நிலைக்கும். ஒவ்வொரு சுற்றிலும் அனலைசரில் 20 மெகாஹெர்ட்ஸ் தள்ளி இரு பக்கமும் 18 மெகாஹெர்ட்ஸ் அகலத்தில் ஏசிஎல்ஆரை எழுதுங்கள். 33, 34இல் தொடங்கியது 48, 50க்கு வந்தால் வேலை ஒழுங்காக நடக்கிறது.

வராவிட்டால்

உள்ளே கணக்கில் அருமை, வெளியே அனலைசரில் மோசம் என்றால் கண்காணிப்பு ரிசீவர்தான் காரணம்: வெட்டுப்படுகிறது, அல்லது கப்ளர் வழி தவிர வேறு வழியாகவும் சிக்னல் ஒழுகி உள்ளே வருகிறது. ஆம்பையும் ரிசீவரையும் தனித்தனி உலோகப் பெட்டிக்குள் வைத்துப் பாருங்கள்.

சேனலை ஒட்டிய பகுதி சுத்தமாகி, தூரத்தில் தோள்பட்டை அப்படியே நின்றால் அனுப்பும் பாதையின் ஃபில்டர் குறுகியது, அல்லது படி போதவில்லை. ஒரு பக்கம் மட்டும் இறங்கினால் டிரெய்ன் கெப்பாசிட்டர்களுக்குத் திரும்பிப் போங்கள். தாமதத்தையும் ஒருமுறை சரிபாருங்கள். அதற்குப் பிறகும் மீதி இருந்தால், ஒரு சாம்பிளை அதன் முந்தைய, பிந்தைய சாம்பிளின் வீச்சால் பெருக்கும் குறுக்கு உறுப்புகளைச் சேர்க்கலாம். 2006இல் வெளிவந்த பொதுமைப்படுத்திய நினைவுப் பல்லுறுப்புக் கோவை அதுதான். 25 கெழு 60, 70 ஆகும். முதல் நாளே அங்கே ஓட வேண்டாம்.

இரு பக்கமும் சமமாக, மட்டமாக, எத்தனை சுற்றுப் போட்டாலும் ஒரே எண்ணில் நின்றால் அது உருக்குலைவே அல்ல, இரைச்சல். சிக்னலை நிறுத்திவிட்டு அனலைசரின் தரையைப் பாருங்கள். அது நன்றாகக் கீழே இருந்தால், டிஏசியிலும் டிரைவரிலும் இரைச்சலைத் தேடுங்கள்.

ஓடும் பெட்டியில்

டிடிடியில் ஆம்ப் அடிக்கடி அணைந்து எழும். கேலியம் நைட்ரைடில் எலக்ட்ரான்கள் பொறிகளில் சிக்கி மெதுவாக விடுபடுவதால், எழுந்தவுடன் வரும் முதல் சிம்பல்களில் கெய்ன் வேறாக இருக்கும். பிடிப்பை ஒவ்வொரு முறையும் டவுன்லிங்க் (பேஸ் ஸ்டேஷன் அனுப்பும் நேரம்) தொடங்கிய அதே இடத்திலிருந்து, சில நூறு மைக்ரோசெகண்ட் விட்டு எடுங்கள். முதல் சிம்பல்களின் இவிஎம்மைத் தனியாக அளந்து பாருங்கள். சராசரியில் அது மறைந்துவிடும்.

இரவில் போக்குவரத்துக் குறைந்து சிக்னல் 10 டெசிபெல் இறங்கும்போது கெழுக்களைப் புதுப்பிப்பது ஆபத்து. அந்தத் தரவில் பெரிய உச்சமே இல்லை, எனவே உச்சப் பகுதியில் கோவை எப்படி வேண்டுமானாலும் வளையும். காலையில் முழு பவர் வந்ததும் அந்த வளைவு ஆம்பைத் தாக்கும். பிடித்த துண்டின் சராசரியும் உச்சமும் ஒரு குறிப்பிட்ட எல்லைக்கு மேல் இருந்தால் மட்டுமே புதுப்பிக்க வேண்டும். பவர் நிலைக்கு ஒன்றாக மூன்று நான்கு கெழுத் தொகுப்புகளைச் சேமித்து வைப்பது இன்னும் பாதுகாப்பானது.

கடைசியாக, கெழுக்களைக் கணக்கிடப் பயன்படுத்தாத வேறொரு தரவை அனுப்பி அளங்கள். 30 நிமிடம் ஓடவிட்டு ஒருமுறை, ஃபேனை நிறுத்தி ஹீட்சிங்க் 20 டிகிரி ஏறிய பிறகு ஒருமுறை. இரண்டிலும் இரு பக்கமும் 47 டெசிபெல்லுக்குக் குறையவில்லை என்றால், 45 எல்லைக்கு மேல் 2 டெசிபெல் கையிருப்போடு பெட்டியை மூடலாம்.